பூராவும் கூட வரட்டும்





இந்த மாதத்துக்கு வேறொரு பொருளில் எழுதி முடித்து அச்சுக்கு அனுப்பவும் தயாராயிருந்தேன். அதற்குள் ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகள். இவள் சபையில் வாலிபர் ஐக்கியப் பொறுப்பை இவளிடம் கொடுத்திருக்கிறார்கள். ஐக்கியத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன் திடீரென்று நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்து அவனிடம் பேசும்படி அவன் அம்மா கேட்டிருக்கிறார். இரண்டு சனிக்கிழமை கடந்துவிட்டது, இவளால் போக முடியவில்லை. போகவேண்டும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறதாம். இதைச் சபையில் ஒரு பெரியவரிடம் சொன்னபோது, கிதியோனின் சேனையிலிருந்து பயந்தவர்களைத் திருப்பி அனுப்பிய பகுதியைக் காட்டி, விசுவாசம் இருந்தால் பயம் வராது என்றாராம். “பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா ஐயா?” என்று கேட்டு முடித்திருக்கிறாள்.

மகளே, எனக்கு 22 வயதாயிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஐக்கியத்தில் இருந்த ஒரு பையனின் தகப்பனார் திடீரென்று இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, “நீ போய் அந்தப் பிள்ளையோடு ஜெபம்பண்ணிவிட்டு வா” என்று எங்கள் சபை ஐயர் சொன்னார். எந்தெந்த வசனங்களைச் சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டேன். அவர்கள் தெருமுனைப் பெட்டிக்கடை வரைக்கும் போனேன். அங்கிருந்து திரும்பிவிட்டேன். மறுநாளும் அதே கடை, அதே திரும்பல்.

மூன்றாம் நாள் கடைவாசலில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார், எனக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லித்தந்த டீச்சர். “ஏ தம்பி, இங்க என்ன நின்னுக்கிட்டிருக்க?” என்றார். சொன்னேன். அவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த காய்கறிப் பையை என்னிடம் தந்துவிட்டு முன்னால் நடந்தார். வீட்டுக்குள் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார்களா என்று கேட்டார், பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

பையன் வெளியே சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். அரைமணி நேரம் பேச்சே இல்லை. பிறகு நிமிராமலே கேட்டான்: “அண்ணே, குடிச்சிட்டு வர்றப்பல்லாம் அப்பா செத்துப்போனா நல்லாருக்கும்னு நெனச்சிருக்கேன். அதான் செத்துட்டாரா?”

என் தாளில் இதற்கு வசனம் இல்லை. பதில் தெரியாத கேள்வியைக் கேட்டுவிடுவானோ என்றுதான் இரண்டு நாளும் திரும்பிப் போயிருந்தேன். கடைசியில் அதுவே நடந்தது. “இல்லப்பா” என்ற ஒரு சொல்லைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுதான். நானும் அழுதேன். டீச்சர் டீயோடு வெளியே வந்து, எங்கள் இருவர் தலையிலும் கைவைத்து ஜெபம்பண்ணினார். அடுத்த வாரம் தனியாகவே போனேன். பெட்டிக்கடை வந்ததும் பயமும் வந்தது. ஆனால் கால் நிற்கவில்லை.

அந்தப் பெரியவர் காட்டிய பகுதிக்கு வருவோம். பயப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றதும் 22,000 பேர் திரும்பிப் போனார்கள் என்று நியாயாதிபதிகள் ஏழாம் அதிகாரம் சொல்வது உண்மைதான். அவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டார் என்பதுதான் என் வருத்தம். இன்னும் சில வசனங்கள் வாசித்திருக்கலாம். சேனை 300 பேராகக் குறைந்த அந்த இரவிலே கர்த்தர் கிதியோனிடம் சொல்கிறார்: எதிரியின் பாளயத்துக்குள் இறங்கிப்போகப் பயமாயிருந்தால், உன் வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு போ. கிதியோன் பூராவோடுதான் போனான். அப்படியானால் அவனுக்கும் பயம் இருந்தது! பாகாலின் பலிபீடத்தை இடித்தபோதும், ஊராருக்குப் பயந்து, பத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இரவில்தான் இடித்தான். அந்தப் பயத்துக்காகக் கர்த்தர் அவனை எங்குமே கடிந்துகொண்டதாக எழுதியிருக்கவில்லை. கூடப் போக ஓர் ஆளைக் காட்டினார். பூரா ஒரு வார்த்தை பேசியதாகக்கூட வேதத்தில் இல்லை. இருட்டில் பக்கத்தில் நடந்தான், அவ்வளவுதான். எங்கள் டீச்சரை நினைத்துக்கொள்கிறேன்.

கூட நடக்கும் துணையின் அருமையை அறிந்த இன்னொருவரையும் சொல்கிறேன். நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் வாலிபர் ஊழியத்தில்தான் தொடங்கினார். ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னிந்தியா எங்கும் இளைஞர்களைத் தேடிப் போனார். 1896-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி அவருக்கு நெருங்கிய நண்பரானார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது, 1912-ல் அவர் தோர்னக்கல் பேராயரானார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நெஞ்சில் நிற்பது 1910. எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள்; ஆசியர்களோ மிகச் சிலர். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் அந்தச் சபை நடுவே எழுந்து நின்று, நீங்கள் தந்த பொருளுக்கும் செய்த தியாகத்துக்கும் நன்றி, இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற கருத்தில் பேசி முடித்தார். சிலருக்குக் கோபம் வந்தது. ஆனால் ஊழியத்தில் கூட நடக்கும் ஒருவர் எவ்வளவு பெரிய காரியம் என்பதை அறிந்த மனிதரின் வேண்டுகோள் அது.

துணை தேவை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கெத்செமனேயில் இருக்கிறது. நம் ஆண்டவர் வியாகுலப்பட்ட இரவில் பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். துணையைத் தேடித் துணையில்லாமல் நின்றவரை அல்லவா நாம் விசுவாசிக்கிறோம்! மகளே, உன் வயிற்றைக் கலக்குவது அவருக்குப் புரியாத காரியமா?

சபைப் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். தீமோத்தேயுவின் இளமையை ஒருவனும் அசட்டைபண்ணாதபடி நடக்கச் சொன்ன பவுல், அவனுக்கு மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. கொரிந்து சபைக்கும் எழுதினார்: தீமோத்தேயு வந்தால், உங்களிடத்தில் பயமில்லாமல் இருக்கும்படி பாருங்கள் என்று. அவன் பயத்துக்கு அவர்களையும் பொறுப்பாக்கினார். பிள்ளைகளிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கிறோம். பிறகு வாலிபர்கள் முன்வருவதில்லை என்று கமிட்டியில் பேசுகிறோம். அந்தப் பெண்ணிடம், “சரி, நானும் வருகிறேன்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மகளே, பொறுப்பைத் திருப்பிக் கொடுக்காதே. பயம் போகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அந்தப் பையனுக்காக ஜெபம்பண்ணும்போது, கூட வருகிறவர் யார் என்றும் கர்த்தரிடம் கேள். உங்கள் சபையில் ஒரு டீச்சர் கட்டாயம் இருப்பார். வருகிற சனிக்கிழமை யாரோடு போகிறாய் என்று எனக்கு எழுது.

உங்கள்
ஆசிரியர்