பள்ளி வண்டியின் விதிகள் யாருக்கு?

கல்வி நிலையங்களின் வண்டி நிறுத்துமிடங்களில் ஓட்டுநர்களுக்கான பாதுகாப்பு விதிகள் அச்சிட்டு ஒட்டப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். மெதுவாக ஓட்டுக, மது அருந்தி ஓட்டற்க, ஓட்டும்போது தொலைபேசியில் பேசற்க, பின்னோக்கி எடுக்கும்போது எச்சரிக்கையாக இருக்க. இவ்விதிகள் யாவும் சரியானவையே. ஆயினும் அவற்றின் ஒவ்வொரு வரியும் ஓட்டுநர் ஒருவரை நோக்கியே பேசுகிறது. தலைமை ஆசிரியரும் வகுப்பாசிரியரும் வாயிற்காவலரும் செய்ய வேண்டுவது யாது என்று அப்பட்டியல் சொல்வதில்லை. விபத்து நேர்ந்த பின்னரும் ஓட்டுநர் விதியை மீறினாரா என்றே முதலில் கேட்கிறோம். அந்த விதியைக் காப்பதற்குரிய ஏற்பாடு அவருக்குச் செய்து தரப்பட்டிருந்ததா என்று கேட்பவர் சிலரே.

ஓட்டுநர் குற்றமே செய்வதில்லை என்று வாதிடுவது எமது நோக்கமன்று. பள்ளி வண்டியின் விதிகளுட் பல, ஓட்டுநர் தனித்து நின்று நிறைவேற்ற இயலாதவை என்பதே எமது கருத்து. அவற்றைக் கல்வி நிலையம் முழுவதும் சேர்ந்து தாங்கினாலன்றி அவை காகிதத்திலேயே நின்றுவிடும்.

மும்பை நகரை எடுத்துக்கொள்வோம். மாட்டுங்காவின் சாலைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டு வகுத்த திட்டத்தின்படி அமைந்தவை. இன்று வி.ஜே.டி.ஐ. என வழங்கும் தொழில்நுட்பக் கல்லூரி 1923இல் பைகுல்லாவிலிருந்து இங்கு வந்தது. ரூயா கல்லூரி 1937இல் தோன்றியது. மரநிழலில் நடந்து வரும் மாணவர்களுக்கென வகுத்த வீதிகளில் இன்று பஸ்களும் வேன்களும் வரிசையாக நிற்கின்றன. இரண்டு நேர முறையில் நடக்கும் பள்ளிகளில் நண்பகல் வேளையில் காலை வகுப்பினர் வெளிவருவதும் பிற்பகல் வகுப்பினர் உட்புகுவதும் ஒரே வாயிலில் நிகழ்கின்றன. செம்பூரிலோ நிலைமை வேறு. மாகுல் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருப்பதால் டாங்கர் லாரிகளோடு சேர்ந்தே பள்ளி வண்டியும் செல்ல வேண்டியிருக்கிறது. தாராவியின் சந்துகளுக்குள் பெரிய பஸ் நுழையவே முடியாது. தொண்ணூறடிச் சாலையின் ஓரத்தில் இறங்கும் குழந்தை கைவண்டிக்கும் டெம்போவுக்கும் இருசக்கர வண்டிக்கும் இடையே நடந்துதான் வீடு சேர வேண்டும். ஒரே நகரில் மூன்று பேட்டைகள். மூன்றிலும் ஆபத்து வெவ்வேறு. ஒரே அச்சுத்தாள் மூன்றுக்கும் பொருந்துமென எதிர்பார்ப்பது எங்ஙனம்?

நாட்டின் அனுபவமும் இதனையே காட்டுகிறது. 1997 நவம்பர் 18ஆம் நாள் தில்லியில் வஜீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பஸ் ஒன்று யமுனையில் வீழ்ந்து 28 குழந்தைகள் மாண்டனர். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் கல்வி நிலைய வண்டிகளுக்கெனத் தனிக் கட்டளைகள் பிறப்பித்தது. போதிய அனுபவம் இல்லாதவரும், அஜாக்கிரதையாக ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரும் இவ்வண்டிகளை ஓட்டலாகாது என்றாயிற்று. இது ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு. தேர்ந்தெடுப்பவர் ஓட்டுநர் அல்லர், நிர்வாகமே.

2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளிப் பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியே கீழே விழுந்து உயிரிழந்தாள். அவ்வாண்டே தமிழ்நாட்டில் பள்ளி வண்டிகளுக்கான சிறப்பு விதிகள் வகுக்கப்பட்டன. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே, இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தான் வந்த வேனாலேயே மோதுண்டு இறந்தான். அதன்பின் முன்னும் பின்னும் காமிராவும், பின்புறம் எச்சரிக்கும் உணர்கருவியும் வேண்டுமெனத் தமிழ்நாட்டு விதிகள் திருத்தப்பட்டன. ஒரு விபத்தில் வண்டியின் தளம். மற்றொன்றில் வளாகத்துக்குள் சிறுவன் நின்ற இடம். இவ்விரண்டையும் 'மெதுவாக ஓட்டுக' என்ற ஒரு வரியால் சரி செய்திருக்க முடியுமா?

வேகத்தின் கணக்கு

வேகத்தைப் பற்றி அறிவுரை கூறுவதைவிடக் கணக்கைக் காட்டுவது நல்லது. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலும் பயன்படுத்தலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பஸ் ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அடைய ஒரு வினாடி ஆகுமெனக் கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 11 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் வேகம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் குறைவதாகக் கொண்டால் நிற்க மேலும் 12 மீட்டர் வேண்டும்; ஆக 23 மீட்டர். வேகம் 20 கிலோமீட்டரானால் மொத்தம் 9 மீட்டரே போதும். வேகம் பாதியாகக் குறைந்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நாலில் ஒன்றாகிவிடுகிறது என்பதே இதன் இரகசியம்.

மும்பையில் பள்ளி திறக்கும் மாதமும் பருவமழை தொடங்கும் மாதமும் ஜூனே. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகளில் நீர் தேங்குவதை அங்குள்ளோர் அறிவர். நனைந்த சாலையில் பிரேக்கின் பிடி பாதியாகக் குறைந்ததென்று வைத்துக்கொண்டால் 40 கிலோமீட்டர் வேகத்தில் 36 மீட்டர் வேண்டும். 20 கிலோமீட்டரில் 12 மீட்டர். இக்கணக்கை அறிந்த ஓட்டுநர் மழைநாளில் மெதுவாகவே வர விரும்புவார். ஆனால் மணி அடிப்பதற்குள் வண்டி வராவிடில் விளக்கம் கேட்கும் பள்ளி, அவர் கால்மீது தன் காலையும் வைத்து அழுத்துகிறது. மழைக்காலத்துக்கெனத் தனி நேர அட்டவணை வகுப்பதும், தாமதமாக வந்த வண்டியின் குழந்தைகளை வினாவின்றி வகுப்பில் சேர்த்துக்கொள்வதும் வேகக் கட்டுப்பாட்டு விதிகளே. அவற்றை எழுத வேண்டியவர் தலைமை ஆசிரியர்.

கண்ணுக்கு எட்டாத இடம்

ஓட்டுநரின் ஆசனத்திலிருந்து பார்த்தால் வண்டியைச் சுற்றியுள்ள தரை முழுவதும் தெரியாது. எங்கெங்கு தெரியாது என்பதை ஒரு பள்ளி தானே கண்டறியலாம். நின்றிருக்கும் வண்டியில் ஓட்டுநரை அமர்த்தி, ஒரு மீட்டர் உயரமுள்ள கோல் ஒன்றை ஓர் ஆசிரியர் தரையில் நிறுத்திக்கொண்டு வண்டியைச் சுற்றி வரட்டும். அது ஐந்து வயதுக் குழந்தையின் உயரத்துக்கும் சற்றுக் குறைவு. கோலின் நுனி ஓட்டுநர் கண்ணுக்கோ கண்ணாடியிலோ முதலில் தென்படும் இடங்களில் சுண்ணக்கட்டியால் புள்ளியிட்டு இணைத்தால், வண்டியைச் சுற்றி ஒரு கோடு உருவாகும். அக்கோட்டுக்குள் நிற்கும் குழந்தை ஓட்டுநருக்கு இல்லாத குழந்தையே. மாணவர்கள் இதனைக் கண்ணால் கண்டால் பல எச்சரிக்கைகள் செய்யாததை இது செய்துவிடும்.

மற்றொன்று திருப்பம். வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வருவதில்லை. உட்புறமாக வெட்டி வருகிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 5 மீட்டர் உள்ள வண்டியின் முன்சக்கரம் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பினால், பின்சக்கரம் ஏறக்குறைய 8.7 மீட்டர் ஆரத்தில் வரும்; அதாவது 1.3 மீட்டர் உள்ளே. தெருமுனையில் ஒதுங்கி நிற்பதாக எண்ணும் சிறுவன் அந்த இடைவெளியில்தான் நிற்கிறான்.

பின்னோக்கி எடுப்பதைப் பற்றி ஒன்றே சொல்லலாம். நடக்கும் வேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டரில், பின்னே வரும் வண்டிகூட ஒரு வினாடியில் 1.4 மீட்டர் வந்துவிடுகிறது. குனிந்து எதையோ எடுக்கும் குழந்தைக்கு அந்த ஒரு வினாடி கிடைப்பதில்லை. காமிராவும் உணர்கருவியும் உதவும். கீழே நின்று கை காட்டும் ஒருவருக்கு அவை ஈடாகா. குழந்தைகள் வளாகத்தில் இருக்கும்போது வண்டி பின்னோக்கி எடுக்கப்படாதபடி, ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேற வழி செய்வது இவை அனைத்தினும் சிறந்தது. வழியில்லாத இடத்தில் குழந்தைகள் வருமுன்பே வண்டியைத் திருப்பி நிறுத்திவிடலாம்.

புதிய வண்டி, பழைய உரிமம்

2024 டிசம்பர் 9ஆம் நாள் இரவு, தாராவிக்கும் செம்பூருக்கும் அண்மையிலுள்ள குர்லாவில், பெஸ்ட் நிறுவனத்துக்காக ஓடிய மின்சாரப் பஸ் ஒன்று கட்டுப்பாடிழந்து கூட்டத்துள் பாய்ந்ததில் பலர் உயிரிழந்தனர். அந்த வகை வண்டியில் ஓட்டுநருக்குப் போதிய பயிற்சி அளிக்கப்பட்டிருந்ததா என்ற கேள்வி அப்போது வலுவாக எழுந்தது. வழக்கின் முடிவு எதுவாயினும் அக்கேள்வி கல்வி நிலையங்களுக்கும் உரியது. மின்சார வண்டியில் கிளச் இல்லை. கியர் மாற்றும் பழக்கத்துக்கு அங்கு வேலை இல்லை. நின்ற நிலையிலேயே மோட்டாரின் முழு முறுக்குவிசையும் கிடைத்துவிடுகிறது. பல்லாண்டு டீசல் வண்டி ஓட்டிய கால்களுக்கு இது புதிய பாடம். உரிமம் கையில் இருப்பது சட்டத்தின் தேவையை நிறைவேற்றும். அந்தக் குறிப்பிட்ட வண்டியில், ஆளில்லாத மைதானத்தில், குழந்தைகளை ஏற்றாமல் பல நாள் பழகுவதே பாதுகாப்பின் தேவையை நிறைவேற்றும். அந்நாட்களுக்கும் முழு ஊதியம் தந்து பழகச் செய்வது நிர்வாகத்தின் கடன்.

ஆசிரியரின் பங்கு

மகாராஷ்டிரத்தில் 2011இல் வகுக்கப்பட்ட பள்ளிப் பஸ் விதிகள், ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியர் தலைமையில் போக்குவரத்துக் குழு ஒன்று வேண்டுமெனக் கூறுகின்றன. பெற்றோரும் போக்குவரத்துக் காவல் துறையினரும் அதில் இடம் பெறுவர். பொறுப்பைப் பங்கிடும் இக்கருத்து மிக நல்லது. இக்குழுவில் ஓட்டுநரையும் உடன் செல்லும் உதவியாளரையும் அமர்த்தி, அவர்கள் கூறுவதை முதலில் கேட்க வேண்டுமென்பது எமது வேண்டுகோள். எந்த நிறுத்தத்தில் குழந்தை சாலையைக் கடந்து ஓடுகிறது, எந்தக் கதவின் தாழ் சரியாகப் பிடிப்பதில்லை என்பதை அவர்களே அறிவர். தாராவி போன்ற இடங்களில், குழந்தை இறங்கும் பக்கமும் அதன் வீட்டுச் சந்து உள்ள பக்கமும் ஒன்றாக இருக்கும்படி நிறுத்தங்களை அமைத்தாலே சாலையைக் கடக்கும் ஆபத்துப் பெரும்பாலும் ஒழியும். வண்டி சற்றுச் சுற்றிச் செல்ல நேரும், எண்ணெய் சிறிது கூடும், அவ்வளவே.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை மிகுதி என்பார் உண்டு. அது மெய்யே. கணக்கெடுப்பும் தேர்தல் பணியும் அவர்கள் தோளில்தான் விழுகின்றன. ஆதலின் வாயிலில் நிற்கும் பதினைந்து நிமிடத்தை இலவச உழைப்பாகக் கேட்கலாகாது. முறைவைத்து, கால அட்டவணையில் பணிநேரமாகவே எழுத வேண்டும். சிறிய பள்ளிகளுக்குச் செலவு கூடும் என்பாரும் உளர். மேற்சொன்னவற்றுள் சுண்ணக்கட்டிச் சோதனைக்கும் மழைக்கால அட்டவணைக்கும் நிறுத்தங்களை மாற்றியமைப்பதற்கும் ஆகும் செலவு மிகச் சிறிது.

இறுதியாக ஒன்று. பிரேக் சரியில்லை, தளம் ஆட்டங்காண்கிறது, தனக்கு உடல்நலமில்லை என்று ஓட்டுநர் கூறும் நாளில், வண்டியை எடுக்க மறுக்கும் உரிமை அவருக்கு எழுத்தில் இருத்தல் வேண்டும். மறுத்தமைக்காக ஊதியம் பிடிக்கப்படாது என்ற உறுதியும் அதே தாளில் இருத்தல் வேண்டும். சுவரில் ஒட்டியுள்ள விதிப்பட்டியலை அடுத்த முறை அச்சிடும்போது இதனை முதல் விதியாக அச்சிடலாம். இரண்டாம் விதியைத் தலைமை ஆசிரியர் தமக்கென எழுதிக்கொள்ளட்டும். அவ்விரண்டுக்கும் பிறகு 'மெதுவாக ஓட்டுக' என்று எழுதினால், அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும்.