வியாழமும் வெள்ளியும்

எண்பது வயதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் நாள்தோறும் மாலையில் விளக்கேற்றியதும் கோளறு பதிகம் பாடுவார். இளமையில் ஓதுவார் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டவர் என்பதால் பதினொரு பாட்டுக்கும் ஏடு வேண்டாம். அயலூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஒரு நாள் அதைக் கைபேசியில் பதிவு செய்தான். குரல் வறண்டு ஒலிப்பதாக அவனுக்குத் தோன்றவே, செயலி ஒன்றில் 'ரிவெர்ப்' என்னும் செயற்கை முழக்கத்தைத் தாராளமாகச் சேர்த்து உறவினர் அனைவருக்கும் அனுப்பினான். கருவறை முன் நின்று கேட்பது போல இருக்கிறது என்று எல்லோரும் புகழ்ந்தனர். பாட்டி மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டு, "கோயில் மாதிரிதான் இருக்குப்பா. ஆனா வியாழமும் வெள்ளியும் ஒட்டிக்கிட்டு நிக்குதே" என்றார்.

அவர் செவி பிசகவில்லை. கோளறு பதிகத்தின் முதற்பாட்டில் கோள்களின் பெயர்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து வருகின்றன. ஒரு பெயரின் முழக்கம் அடங்குமுன் மறுபெயர் வந்து விழுந்தால் மெய்யெழுத்துகள் மழுங்கும். ழகரமும் ளகரமும் வேறுபாடு இழக்கும். தேவாரத்தில் அது சிறு குறையன்று.

கல் மண்டபத்தில் பாடும்போது குரல் தூண்களிலும் மேற்கூரையிலும் சுவர்களிலும் பட்டு, வெவ்வேறு கணங்களில் திரும்பி வருகிறது. அவ்வளவும் ஒன்றாகக் கலந்து மெல்லத் தேய்வதையே எதிர்முழக்கம் என்கிறோம். எதிரொலி வேறு. அது தனியாகக் கேட்க வேண்டுமானால் சுவர் ஏறக்குறைய 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நம் வீட்டு அறைகள் பத்தடி, பன்னிரண்டடி. அங்கே ஒலி நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் சுவரைத் தொட்டுத் திரும்பிவிடும். ஓடு பதித்த வெறும் அறையில் பாடினால் தகர டப்பாவுக்குள் பாடியது போல ஒலிப்பது இதனால்தான். அதை மறைக்கவே பலர் செயற்கை முழக்கத்தை நாடுகின்றனர்.

ஆனால் அறையைத் திருத்துவது எளிது. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்து நொடிக்கும் மேலாகச் சுழன்றுகொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழல் ஒன்றை ஒலித்து, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவும் அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் திறனுமே முழக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்ற விதி அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. நம் வீட்டிலும் இலவம்பஞ்சு மெத்தை உண்டு, கனத்த திரைச்சீலை உண்டு, மடித்து அடுக்கிய சேலைகள் உண்டு. பாடுபவருக்கு எதிர்ச்சுவரில் அவற்றைச் சாத்தினால் தகர ஓசை பெருமளவு அடங்கும்.

செயற்கை முழக்கம் முற்றிலும் போலி என்று தள்ளவும் இயலாது. இஸ்தான்புல்லின் ஹேகியா சோபியா 537-இல் முடிந்த பெருங்கட்டடம். அதன் முழக்கம் ஏறத்தாழ 11 நொடி நீள்வது. அது அருங்காட்சியகமாக இருந்த காலத்தில் உள்ளே பாட அனுமதி இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அங்கே பலூன்களை உடைத்து, அந்த ஒலி தேய்வதைப் பதிவு செய்து, அதைக்கொண்டு கட்டடத்தின் முழக்கத்தைக் கணினியில் மீட்டனர். கப்பெல்லா ரோமானா என்ற பாடகர் குழு பழைய கிறித்தவப் பாடல்களை அந்த முழக்கத்தில் பாடியது. 2019-இல் இசைத்தட்டாகவும் வெளிவந்தது. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அவர்கள் அந்த முழக்கத்தைக் கேட்டுக்கொண்டே பாடினர். ஆகவே குரல் அதற்கேற்ப இயங்கியது. நம் ஓதுவாரும் கல் மண்டபத்தில் அடிக்கு அடி நிறுத்தி, முழக்கம் வடியக் காத்திருந்தே அடுத்த அடியை எடுப்பார். பாட்டியோ பூஜை அறைக்குத் தக்க நடையில் பாடினார். பாடி முடித்த பின் அதன்மேல் ஆயிரங்கால் மண்டபத்தைக் கவிழ்த்தால் எப்படிப் பொருந்தும்?

எனவே பதிவு செய்வோர் முதலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வைப்பது நலம். சொல் தெளிவாக விழும். அறையின் இயல்பான ஓசையும் வேண்டுமானால் இரண்டடி பின்னே தள்ளலாம். தூரம் இரட்டித்தால் நேர்க்குரல் 6 டெசிபல் குறையும். அறையின் முழக்கமோ அநேகமாக அப்படியே இருக்கும். ஆகவே ஓரடி நகர்த்துவதுகூடப் பெரிய மாறுதலைத் தரும். செயற்கை முழக்கம் சேர்த்தே தீர வேண்டுமென்றால் படியெடுத்து, படியில் மட்டும் சேர்க்கட்டும். பின்னர் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். சேர்த்ததைப் பழையபடி முழுமையாகப் பிரிக்க முடியாது. மூலப்பதிவை அழிப்பது அசலைச் செலவழித்துவிட்டு வட்டியை எண்ணும் வேலை.

அந்தப் பேரன் மூலத்தை அழித்திருந்தான். மறு ஆண்டு பாட்டி இறைவனடி சேர்ந்தார். கொள்ளுப்பேத்திக்குப் பதிகம் சொல்லித்தர அவர் குரலையே போடலாம் என்று எடுத்தபோதுதான், முதற்பாட்டிலேயே குழந்தை வியாழத்தைத் தாண்ட முடியாமல் தவித்தாள். தேடியதில் மருமகளின் பழைய கைபேசியில் இன்னொரு பதிவு கிடைத்தது. சமையலறை வாசலில் காய் நறுக்கியபடி பாட்டி பாடியது. முழக்கம் ஏதுமில்லை. ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது. ஐந்தாம் பாட்டின் நடுவே குக்கர் விசில் அடிக்க, பாட்டி ஒரு கணம் நிறுத்தித் தொடர்கிறார். இப்போது பதினொரு பாட்டும் குழந்தைக்குப் பாடம். ஐந்தாம் பாட்டில் அதே இடத்தில் அவளும் ஒரு கணம் நிறுத்துகிறாள்.