இயன்முறை மருத்துவம்: எஞ்சிய இடமா?

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம் இல்லங்களில் எழும் பேச்சை அனைவரும் அறிவோம். மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டுமா? கிட்டாதெனில் பல் மருத்துவம். அதுவும் இல்லையெனில், "பிசியோதெரபி இருக்கவே இருக்கிறது." இவ்வாறு ஏணியின் கீழ்ப்படியில் வைத்து எண்ணப்பெறும் ஒரு படிப்பைப் பற்றி எழுதத் தமிழாசிரியர்க்கு என்ன உரிமை என வினவலாம். உரிமை உண்டு, அதனைப் பின்னர் உரைப்போம். அந்த ஏணியே பிழையானது என்பதுதான் நம் முதற் கருத்து.

இயன்முறை மருத்துவம் எனத் தமிழில் வழங்கும் இத்துறை, மக்கள் வாயில் 'கரண்ட் வைப்பது' என்றும் 'மசாஜ்' என்றும் சுருங்கிப் போயிற்று. மின்கருவிகள் உண்டு. ஆயினும் அவை துணைக்கருவிகளே. இயக்கத்தை இழந்த உடலுக்கு அதனை மீளக் கற்பிப்பதே இத்துறையின் உயிர்.

இவ்வுண்மைக்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தும் பணியை 1940களின் இறுதியில் தொடங்கினார். நலமாக இயங்கும் தசையொன்றின் நாணை எடுத்துச் செயலற்ற விரலோடு இணைப்பது அம்முறை. தையல் ஆறியவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. ஒரு செயலுக்கென்றே பழகிய தசை வேறொரு செயலுக்குப் பழக வேண்டும். எவ்வாறு எண்ணினால் எவ்விரல் அசையும் என்பதை நோயாளி புதிதாகக் கற்க வேண்டும். வாரக்கணக்கில் உடனமர்ந்து இதனைக் கற்பிப்பவரே இயன்முறை மருத்துவர். அவர் இன்றேல் அறுவை வல்லுநரின் திறன் பாதியில் நின்றுவிடும். அதே கல்லூரியைச் சார்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் திறக்கப்பெற்ற மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியின் பயன்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது நோயுற்றவனையே முதலில் வைத்தார். இந்த வைப்புமுறை வேறெத்துறையைக் காட்டிலும் இயன்முறைக்கே பொருந்தும் எனத் தோன்றுகிறது. மாத்திரை உறங்குபவன் உடலிலும் வேலை செய்யும். பயிற்சி அவ்வாறன்று, நோயாளி தானே செய்தாலன்றிப் பயனில்லை. பக்கவாதத்தால் ஒரு பக்கம் வீழ்ந்தவரின் மூளை, பழுதுபட்ட பகுதியின் வேலையைப் பிற பகுதிகளைக் கொண்டு ஓரளவு ஈடுசெய்யக் கற்கிறது. அதற்கு ஒரே அசைவைப் பன்னூறு முறை திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். தொடக்க மாதங்களை வீணே கழித்தால் தோள்மூட்டு இறுகும். கைவிரல் மடங்கியே நின்றுவிடும். "காலம் வந்தால் சரியாகும்" என வீட்டில் கிடத்தி வைக்கப்பெற்றோர் எத்தனை பேர்!

படிப்பு எளிதன்று. இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்று மேனிலையில் தேறியோர் இதிற் சேர்வர். உடற்கூறு, உடலியங்கியல், உயிர் இயந்திரவியல், பயிற்சி மருத்துவம், நரம்பியல், இதய-நுரையீரல் துறை எனப் பாடங்கள் விரியும். பட்டப்படிப்பு உள்ளுறைப் பயிற்சியுடன் நெடுங்காலம் நான்கரை ஆண்டாக இருந்து வந்தது. நடுவணரசு 2021இல் இயற்றிய துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தையொட்டி விதிகள் மாறி வருதலால், கால அளவையும் கல்லூரியின் ஏற்பையும் சேருமுன் கேட்டறிதல் வேண்டும்.

பணியிடங்கள் எலும்பு முறிவுப் பிரிவோடு நின்றுவிடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நெஞ்சுச் சளியை வெளியேற்ற, குறைமாதக் குழந்தையைப் பேண, விளையாட்டு வீரரைக் களத்திற்கு மீட்க, புற்றுநோய் அறுவைக்குப்பின் வீங்கிய கையைத் தணிக்க இவர்கள் தேவை. தமிழ்நாட்டரசு 2021 ஆகத்துத் திங்களில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவம் இல்லம் தேடி வருகிறது. வளைகுடா நாடுகளில் உரிமத் தேர்வு எழுத வேண்டும். இங்கிலாந்தில் பதிவு பெறாதோர் அப்பெயரையே சூட்டிக்கொள்ளலாகாது. அமெரிக்காவிலோ தொழிலின் நுழைவுப் பட்டமே முனைவர் நிலையினது. ஆகவே பட்டம் பெற்றவுடன் விமானம் ஏறலாம் என்பாரை நம்பற்க. உள்ளூர்த் தனியார் மருத்துவமனைகளில் தொடக்க ஊதியம் குறைவென்பதையும் மறைப்பதற்கில்லை. பொறுத்து நின்று தேர்ச்சி பெறுவோர்க்கே பின்னர் சொந்த மருத்துவமனை அமைகிறது.

நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று சொல்வோம். பள்ளிவாசலின் தொழுகை வரிசைகளில் நாற்காலிகள் பெருகிவிட்டன. முழங்கால் மடங்க மறுக்கிறது. ஆடவர் வலியையாவது நாம் காண்கிறோம். நாள் முழுதும் குனிந்து பீடி சுற்றும் பெண்டிரின் கழுத்தும் இடுப்பும் எவர் கண்ணில் படுகின்றன? பிள்ளைப் பேற்றுக்குப்பின் இடுப்புத்தளத் தசை தளர்ந்து சிறுநீர் அடக்க இயலாமல் அல்லலுறும் தாயர், ஆடவரிடம் சொல்லக் கூசி ஆண்டுக்கணக்கில் மறைக்கின்றனர். உரிய பயிற்சியால் பெரும்பாலோர்க்குக் குறையக் கூடிய தொல்லை அது. இதற்குப் பெண் இயன்முறை மருத்துவர் வேண்டும். மகளைப் படிக்க வைத்துப் பட்டத்தைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு, மணமானதும் தொழிலை நிறுத்தச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

இனித் தமிழாசிரியர் உரிமைக்கு வருவோம். குத்தல், குடைச்சல், எரிச்சல், இழுப்பு, கடுப்பு, மரமரப்பு, சுரீரெனல், விண்விண்ணெனல் என வலியைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. இவை வெறும் சொல்லலங்காரம் அல்ல. எரிச்சலும் மரமரப்பும் கால்வழி இறங்கினால் நரம்பை ஐயுற வேண்டும். காலையில் எழுந்ததும் நெடுநேரம் நீடிக்கும் இறுக்கம் மூட்டழற்சியைச் சுட்டக்கூடும். ஆங்கிலப் பாடநூலில் மட்டுமே வலியைப் பயின்றவர், மூதாட்டி ஒருவர் "கால் விறுவிறுங்குது" என்றால் என்ன எழுதுவார்? மடக்கு, நீட்டு, விலக்கு, சுழற்று எனத் தெளிவாக ஏவத் தெரியாதவர், வீட்டிற் செய்ய வேண்டிய பயிற்சியை எங்ஙனம் விளக்குவார்? இத்தொழிலில் கைக்கு அடுத்த கருவி நாவே.

நம் துறை மாணவர்கள் கோடை விடுமுறையில் தத்தம் ஊர்களில் வழங்கும் வலிச்சொற்களைத் தொகுத்து வரலாம். எச்சொல்லை எவர், உடலின் எவ்விடத்திற்கு, எந்நேரத்து வலிக்குச் சொல்கின்றனர் எனக் குறித்தால் போதும். தொகுப்பைச் செப்பம் செய்து அண்மையிலுள்ள இயன்முறைக் கல்லூரி மாணவர் கையில் கொடுக்கும் பொறுப்பைத் துறை ஏற்கும்.