'குடும்பப் பின்னணி' என்ற கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சாதி

முனைவர் பட்ட ஆய்வுக்காக விழுப்புரம் மாவட்டத்தில் அங்கன்வாடி அங்கன்வாடியாகப் போய்க் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து வருகிறேன். ஒரு காலனியில் ஒரு பெண் குழந்தையை நிற்கவைத்து அளந்தேன். வயது 4. உயரம் 91 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி அந்த வயதில் 102.7 செ.மீ. இருக்க வேண்டும், 94.1க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றிய குழந்தை. அப்படியே குறித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ன மாதிரியே குட்டை மேடம். எங்க வம்சமே இப்படித்தான்."

என் அம்மாவும் இதையேதான் சொல்வார். நானும் காலனியில் பிறந்தவள். என் உயரம் 147 செ.மீ.

இந்த 'வம்சம்' என்ற விளக்கத்தைப் படித்தவர்களும் சொல்கிறார்கள். இந்தியக் குழந்தைகள் மரபணுவிலேயே குட்டையானவர்கள், உலக அளவுகோலை வைத்து அவர்களை அளப்பதே தவறு என்று பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா 2013இல் எழுதினார். ஆனால் அந்த அளவுகோல் எப்படி உருவானது? 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து உருவாக்கினார்கள். நார்வேயின் ஆஸ்லோ, கானாவின் அக்ரா ஆகியவற்றோடு நம் டெல்லியும் அதில் ஒன்று. தெற்கு டெல்லியின் வசதியான வீடுகளில், நன்றாகச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்து தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகள் ஆஸ்லோ குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். வம்சம்தான் காரணம் என்றால், அந்த வம்சம் தெற்கு டெல்லிக்குள் மட்டும் ஏன் நுழையவில்லை?

தேசியக் குடும்பநல ஆய்வின் 2015-16 கணக்கைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் பட்டியல் சாதியினரில் 43 விழுக்காடு, பழங்குடியினரில் 44, எந்த ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் வராத 'பிறர்' பிரிவில் 31. 2019-21 ஆய்வில் எல்லாப் பிரிவுகளிலும் எண்கள் சற்றுக் குறைந்தன. இடைவெளி மறையவில்லை. நாலு வயதுக் குழந்தைக்குத் தன் சாதி என்னவென்று தெரியாது. அதன் எலும்புக்குத் தெரிந்திருக்கிறது.

என் ஆய்வுப் படிவத்தில் 'குடும்பப் பின்னணி' என்றொரு பகுதி உண்டு. தாயின் கல்வி, தந்தையின் தொழில், வருமானம், குடிநீர், கழிப்பறை, தாயின் உயரம் எல்லாம் அதில் வரும். சாதியும் ஒரு கட்டம். ஒரு கருத்தரங்கில் இதை முன்வைத்தபோது மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்னார்: "மற்ற எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சமன்செய்தால் சாதியின் பங்கு குறைந்துவிடும். ஆகவே சாதியைப் பெரிதுபடுத்தாதீர்கள்."

கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். அந்தத் தாய் ஏன் ஏழாம் வகுப்போடு நின்றார்? தந்தை ஏன் நிலமற்ற கூலி? குடிநீர்க் குழாய் ஏன் ஊர்த்தெருவோடு முடிந்தது? தாய் ஏன் குட்டை? அவர் குழந்தையாக இருந்தபோது அவர் தட்டில் என்ன இருந்தது? இவையெல்லாம் சாதிக்குப் பக்கத்தில் நிற்கும் தனிக் காரணிகள் அல்ல. சாதி வேலை செய்யும் கைகள் இவை. கைகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்வது என்ன கணக்கு?

கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது என்பதே உண்மை. அஸ்வினி தேஷ்பாண்டேவும் ராஜேஷ் ராமச்சந்திரனும் செய்த ஆய்வு, தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாக ஆதிக்கச் சாதியினர் தாங்களே ஒப்புக்கொள்வது அதிகமாக உள்ள பகுதிகளில் தலித், பழங்குடிக் குழந்தைகளின் உயரம் குறைவதைக் காட்டியது. அதே பகுதிகளில் ஆதிக்கச் சாதிக் குழந்தைகளின் உயரத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. வறுமை மட்டும்தான் காரணம் என்பவர்கள் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

தீண்டாமை எப்படி உயரத்தைக் குறைக்கும்? நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஓர் ஊரில் அங்கன்வாடி கோயில் தெருவில் இருக்கிறது. காலனியில் இருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். "அனுப்புனா ஓரமா உக்கார வைக்கிறாங்க, புள்ள அழுதுட்டு வருது. எதுக்குன்னு விட்டுட்டோம்" என்றார் ஒரு பாட்டி. விட்டது அங்கன்வாடியை மட்டுமல்ல. முட்டை, சத்துமாவு, தடுப்பூசி பற்றிய நினைவூட்டல், எடை குறைந்தால் கவனிக்கும் ஓர் ஆள், அத்தனையும் போய்விட்டது. நான் அளந்த அந்த 91 செ.மீ. குழந்தையோ, தை பிறந்தால் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விடும். ஆறு மாதம் அதற்கு அங்கன்வாடியே கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும், தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே ஆணையிட்டது. சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை என்று 2004இல் சொன்னது. ஆனால் 2018இல் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டபோது, அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். போராட்டம் நடந்த பிறகே ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1982இல் சத்துணவை விரிவாக்கி நாட்டுக்கே வழிகாட்டியதாகப் பெருமை பேசும் மாநிலம் இது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். அங்கன்வாடிகளில் மாதந்தோறும் எடுக்கும் உயரம், எடைக் கணக்கை ஊராட்சி வாரியாக, சாதிப் பிரிவு வாரியாக அரசு வெளியிட வேண்டும். புதிய அங்கன்வாடிகள் காலனியில் அமைய வேண்டும். ஊர்க் குழந்தைகள் அங்கே நடந்து வரட்டும். சூளைகளுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் போகும் இடத்திலேயே உணவும் கவனிப்பும் கிடைக்க வேண்டும். ஒரு குழந்தையைத் தனியே உட்கார வைத்தால் அதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்ய வேண்டும். 'சமாதானம்' பேசி முடிக்கக் கூடாது.

இதெல்லாம் பள்ளியில் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. கருவிலிருந்து இரண்டு வயது வரை இழந்த வளர்ச்சியைப் பின்னால் முழுமையாக மீட்பது மிகக் கடினம்.

அன்று அந்தத் தாயிடம் நான் ஒன்றும் சொல்லாமல் படிவத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த முறை போகும்போது சொல்ல வேண்டும்: "அக்கா, இது நம்ம வம்சம் இல்ல. நம்ம புள்ளைங்களோட உயரத்த யாரோ எடுத்துக்கிட்டாங்க."