விண்போர் விளையாட்டும் காஞ்சித் திணையும்

கணிப்பொறித் திரையில் ஆடும் போர் விளையாட்டு அறிவுடையார் நாடத் தக்கதன்று என்று கூறுவார் நம்மிடையே பலர். சென்ற கோடை விடுமுறை வரையில் யானும் அக்கூட்டத்துள் ஒருவனாகவே இருந்தேன். தமிழ் பயில்வோன் புறநானூற்றொடு பொழுது கழிக்க வேண்டுமேயன்றிப் பொத்தான்களொடு கழிக்கலாகாது என்பது என் துணிபு. அத்துணிபு நாமக்கல்லில் என் அத்தை மகனார் இல்லத்திற் சிதைந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பேன்.

லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையிற் பணிபுரியும் அவர், ஓரிரவு எனக்குக் காட்டியது 'ஃப்ரீஸ்பேஸ் 2' என்னும் விளையாட்டு. அது 1999-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வொலிஷன் நிறுவனத்தார் ஆக்கியது. அதன் மூல நிரல் 2002-இல் வெளியிடப்பெற்றமையின், ஆர்வலர் பலர் ஊதியங் கருதாது அதனைச் செப்பனிட்டு வந்திருக்கின்றனர். புதியோனாகிய யான் முதன் மூன்றிரவும் பட்ட பாடு கொஞ்சமன்று. விண்ணில் மேலுமில்லை, கீழுமில்லை. பகைவன் எத்திசையினின்று சுடுகின்றான் என்றறியுமுன்னரே என் கலம் பொடியாகும். கலத்தின் ஆற்றலைப் படைக்கலம், காப்பு, விசை என்னும் மூன்றற்கும் வேண்டியாங்குப் பகிர்ந்தளிக்கக் கற்ற பின்னரே கதையிற் கருத்துச் சென்றது.

மாந்தரும் வாசுடர் என்னும் வேற்றினத்தாரும் 14 ஆண்டு தம்முட் பொருதவர். ஷிவர் என்னும் பெரும்பகை தோன்றவே நண்பராயினர். அந்நட்பை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யும் பாஷ் என்னும் படைத்தலைவன், உண்மையில் ஷிவரொடு பேசுதற்கே வழி தேடுகின்றான். நட்பினர் 20 ஆண்டு உழைத்துக் கட்டிய 'கொலோசஸ்' என்னும் பெருங்கலம், ஷிவரின் மாபெருங்கலம் ஒன்றை வீழ்த்துகின்றது. வென்றோம் என்று யான் ஆர்த்தெழுந்தேன். அந்தோ! அதனையொத்தவை எண்பதிற்கு மேல் அதன் பின்னே வந்தன. கொலோசஸும் அழிந்தது, முடிவிற் கபெல்லா என்னும் விண்மீனே வெடித்தது.

அழியும் அவ்விடத்தினின்று குடிகளை ஏற்றிச் செல்லுங் கலங்களைக் காத்தலே இறுதிப் பணி. தப்புக என்ற ஆணை பிறந்ததும் யான் விரைந்து பறந்து உயிர் பிழைத்தேன். பின்னே நின்ற கலங்களை எண்ணி அவ்விரவு துயில் வரவில்லை. மறுநாள் மீண்டும் ஆடினேன். இம்முறை பெயராது நின்று காத்தேன். விண்மீனின் தீயில் என் கலம் மாய்ந்தது. ஆடுவோனுக்கு அக்கதையில் இயற்பெயரும் இல்லை. 'ஆல்ஃபா ஒன்று' என்னும் அழைப்பே உண்டு.

நிற்க. தொல்காப்பியர் புறத்திணைகளை வாகையொடு முடித்தாரல்லர். நிலையாமை கூறுங் காஞ்சியையும் உடன் வைத்தார். அதனை வகுப்பிற் கற்றபொழுது அஃது எனக்கோர் இலக்கணக் குறிப்பே. வாகை தேடிச் சென்ற யான் காஞ்சியிற் கொண்டுபோய் நிறுத்தப்பட்ட பொழுதே அதன் பொருள் விளங்கிற்று. மறுநாட் காலை மாடியினின்று நோக்குழிக் கொல்லிமலை தோன்றியது. அதனை ஆண்ட வல்வில் ஓரி காரியாற் கொல்லப்பட்டான் என்று தேர்வுக்காக நெட்டுருச் செய்தவன் யான். அவனும் ஒருநாள் நின்று மாய்ந்தவன் என்பதை அன்றுதான் நினைந்தேன்.

இவ்விளையாட்டுக்களாற் குற்றமே இல்லை என்பேனல்லேன். உறக்கங் கெடும், பாடம் பின்னிடும், கொலையே நோக்கமாயவையும் பல உள. ஆயினும் நூல்களுள்ளும் தீயன உண்டென்று நூலனைத்தையும் நாம் ஒதுக்குகின்றோமல்லோம். நூல் பிறன் அஞ்சியதை நமக்குக் காட்டும். நல்ல விளையாட்டோ நம் அச்சத்தை நமக்கே காட்டும். ஆதலின் பெரியோர், ஆடுகின்றாயா என்று கடிவதற்கு முன்னர், எதனை ஆடுகின்றாய், அதன்கண் என் செய்தாய் என்று வினவுவாராக. என் அத்தை மகனார் அவ்வாறு வினவினார். முதனாள் ஓடினேன் என்று மெய் கூற யான் நாணினேன். அந்நாணமே யான் அவ்விடுமுறையிற் பெற்ற ஊதியம்.