மரமே, உன் பெயர் என்ன?

அமெரிக்காவில் பல வீடுகளின் பின்புறத்தில் மரப்பலகையால் தளம் போடுவார்கள். வேலை முடிந்ததும் நாலடி, ஆறடி என்று சில துண்டுகள் மிஞ்சும். தளம் போட்டவருக்கு அவை வேண்டாத மிச்சம். பொழுதுபோக்காக வில் செய்பவருக்கோ அவை புதையல்!

மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் தாங்கும் இந்தப் பலகைகளில் பல, தென் அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தவை. ஒரு துண்டைத் தூக்கினாலே கை கனக்கும். துளையிடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். இவ்வளவு உறுதியான மரத்தில் ஒரு வில் செய்தால் என்ன என்று ஆசை வருவது இயல்பு. ஆனால், அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். இது என்ன மரம்?

தெரியாவிட்டால் என்ன என்று விட்டுவிட முடியாது. 20 கிலோ எடையைத் தூக்கும் அளவு பலத்தோடு இழுக்க வேண்டிய வில்கள் சாதாரணமாகவே உண்டு. நாணை முழுவதும் இழுத்துப் பிடித்திருக்கும்போது வில் முறிந்தால், சில்லுகள் பறப்பது முகத்துக்கு மிக அருகில்.

பலகை விற்ற கடையில் கேட்டால் ஒரு பெயர் சொல்வார்கள். சிக்கலே அங்குதான் ஆரம்பம். ‘பிரேசில் வால்நட்’ என்பார்கள். அதற்கும் வால்நட் மரத்துக்கும் எந்த உறவும் இல்லை. அது இப்பே என்ற மரம். ‘பிரேசில் தேக்கு’ என்பார்கள். அது தேக்கு அல்ல, குமாரு. வாசனைக்குப் பெயர்போன டோங்கா விதையைத் தருவது அந்த மரம்தான். ‘பிரேசில் செர்ரி’ என்பது ஜடோபா. வாங்குபவருக்குப் பழகிய ஒரு பெயரை ஒட்டிவிட்டால் விற்பனை சுலபம். நம்மூரில் ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்று வருவதும் இந்த வகைதான். அந்தப் பெயரில் விற்கப்படும் இரோக்கோ மரம், தேக்குக் குடும்பத்தையே சேர்ந்ததல்ல.

ஆகவே, கடைக்காரரை விட்டுவிட்டு மரத்திடமே கேட்பது நல்லது. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

முதலில், எடை. நன்றாகக் காய்ந்த மரத்திலிருந்து 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே சீரான குச்சி ஒன்றை நறுக்கி, குறுகலான உயரமான பாத்திரத்துத் தண்ணீரில் நெட்டுக்குத்தாக விட வேண்டும். 7 சென்டிமீட்டர் மூழ்கினால், அதன் அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஏழு பங்கு. முழுவதும் மூழ்கி அடியில் போய் உட்கார்ந்தால், தண்ணீரைவிடக் கனமான மரம். இப்பே பெரும்பாலும் மூழ்கும். ஆனால், குமாருவும் மூழ்கும், மஸரண்டூபாவும் மூழ்கும். எடை வட்டத்தைச் சுருக்குமே தவிர, பெயரைச் சொல்லாது.

அடுத்து, பலகையின் வெட்டுமுனை. கூரான கத்தியால் அதை வழவழப்பாகச் சீவி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நுண்துளைகள் தெரியும். வேரிலிருந்து தண்ணீர் ஏறிய குழாய்கள் அவை. இப்பே மரமாக இருந்தால் பல துளைகளில் மஞ்சள் நிறப் பொடி அடைத்திருக்கும். அதில் உள்ள பொருளின் பெயர் லபச்சோல்.

மூன்றாவது சோதனை, சலவை சோடா. சோடா கலந்த தண்ணீரில் கொஞ்சம் மரச்சீவலைப் போட்டால், லபச்சோல் இருக்கும் பட்சத்தில் தண்ணீர் சிவந்துபோகும். இதையும் தனியாக நம்பிவிடக் கூடாது. தேக்கிலும் லபச்சோல் உண்டு. ஆனால், தேக்கு மிதக்கும், இப்பே மூழ்கும். ஒரு சோதனை விட்ட இடத்தை இன்னொன்று நிரப்புகிறது.

இந்தச் சோதனைகளின்போது முகக்கவசம் அவசியம். இப்பே மரத்தூள் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சு எரிச்சலையும் தரக்கூடியது.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. வில் செய்துவிடலாமா? இன்னும் இல்லை.

வில்லை வளைக்கும்போது, எய்பவரைப் பார்க்கும் உட்புறம் நசுங்குகிறது. இலக்கைப் பார்க்கும் வெளிப்புறம் இழுபடுகிறது. முறிவு பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் தொடங்கும். அங்கே மரத்தின் நார் நுனியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும். குளிர்நாட்டு மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும். ஒரே வளையத்தைப் பின்தொடர்ந்து செதுக்கினால் நார் அறுபடாது. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் அந்த வளையம் தெளிவாக இருப்பதில்லை. பலகையாக அறுத்த ரம்பமும் நாரின் போக்கைப் பார்த்து அறுப்பதில்லை.

இதற்கும் ஓர் எளிய வழி உண்டு. பலகையில் ஒரு சொட்டு பேனா மை விட்டால், அது நாரின் வழியே கோடாக ஓடும். கோடு பலகையின் ஓரத்துக்கு இணையாக ஓடினால் நல்லது. சாய்ந்து ஓடினால், எவ்வளவு உயர்ந்த மரமானாலும் அந்தத் துண்டு வில்லுக்கு ஆகாது. நல்ல துண்டு கிடைத்தாலும், வெளிப்புறத்தில் மெல்லிய மூங்கில் பட்டை ஒன்றை ஒட்டுவது வில் செய்பவர்களின் வழக்கம். இழுவிசையை மூங்கில் ஏற்கும். நசுங்கும் வேலையை இப்பே பார்த்துக்கொள்ளும்.

இப்பே மரத்துக்கு போர்ச்சுக்கீசிய மொழியில் இன்னொரு பெயரும் உண்டு. ‘பாவ் த ஆர்க்கோ’. வில் மரம் என்று பொருள். பிரேசிலின் பூர்வகுடிகள் இதில் வில் செய்ததால் வந்த பெயர் இது. கடைகள் ஒட்டிய பெயர்களுக்கு நடுவே, மரத்தின் குணத்தைச் சொல்லும் பெயர் இது ஒன்றுதான்.

பெயர் தெரிய வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இப்பே காட்டில் கூட்டமாக வளர்வதில்லை. பல ஹெக்டேருக்கு ஒரு மரம் என்ற கணக்கில் தனித்தனியே நிற்கும்; மெதுவாக வளரும். ஒரு மரத்தைத் தேடிப்போய் வெட்ட, காட்டுக்குள் நீளமாகப் பாதை போட வேண்டும். அதனால், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்த மரங்களைச் சேர்க்க 2022-ல் முடிவானது. 2024 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது இதன் பலகை உரிய அனுமதியுடன்தான் நாடு விட்டு நாடு போக முடியும். பெயரை மாற்றிச் சொல்லி அனுப்பினால் கண்டுபிடிக்கவும் மர இயல் அறிஞர்கள் வேண்டும். நம் நாட்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் இப்படி மரத்தை அடையாளம் காணும் பணியைச் செய்கின்றன.

இப்பே நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. பெங்களூரு சாலைகளில் இலையுதிர்ந்த கிளை நிறைய மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் டபேபூயா மரங்கள் இதன் நெருங்கிய சொந்தம்.

மிஞ்சிய துண்டிலிருந்து ஒரு வில் பிறந்தால், அதற்காகப் புதிதாக ஒரு மரம் விழ வேண்டியதில்லை. எல்லாச் சோதனையும் செய்தபின்னும் சந்தேகம் தீராவிட்டால்? அனுபவசாலிகள் அந்தத் துண்டை வில்லாக்குவதில்லை. நல்ல சுத்தியல் கைப்பிடி ஒன்றைச் செய்து வைத்துக்கொள்கிறார்கள்.