ஊர் கூடினால் தேர் நகரும்

யாகூ நிறுவனம் 2009-இல் ஜியோசிட்டீஸை மூடியபோது, பலர் அதில் இலவசமாக அமைத்திருந்த பக்கங்கள் மறைந்தன. நம் சங்க ஆண்டு மலர்களை இணையத்தில் ஏற்றுமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் நாளை தேடும்போது அவை கிடைக்க வேண்டுமல்லவா?

பீக்கர் என்ற உலாவி வேறு வழி காட்டியது. பக்கம் நம் கணிப்பொறியிலேயே இருக்கும். வாசகர்களும் பிரதி வைத்துப் பிறருக்கு வழங்கலாம். 2022-இல் அதன் பணி நின்றது. அகிரிகோர் என்ற இலவச உலாவி அதே வழியில் வந்தது.

ஆனால் பிரதி உள்ள கணிப்பொறிகள் எல்லாம் அணைந்திருந்தால் பக்கமும் கிடைக்காது. ஆகவே மென்பொருளுக்கு முன் ஆள் வேண்டும் என்பதே என் கருத்து. முதலில் ஐந்து குடும்பங்கள் முன்வரட்டும்.